கைகாட்டி முதல் கைபேசி வரை

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். வரலாறு என்றவுடன் மூவேந்தரும் பல்லவரும் நினைவிற்கு வருதல் இயல்பு. அவர்தம் பெருமையை எழுதுதற்குக் கற்றறிந்தோர் நம்மிடையே பலர் உளர். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் புகுந்த அடியேன் அத்துறையில் கைவைத்தல் முறையன்று. ஆதலின், நம் வீட்டுச் சிறுவர் முதல் பாட்டியர் ஈறாக அனைவர் கையிலும் விளங்குகின்ற கைபேசியில், விரல் பட்டவுடன் தோன்றி மறையும் சிறுசிறு அசைவுகளின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொண்டேன்.

பொத்தானைத் தொட்டால் அது சற்றே அமுங்கி நிறம் மாறுகிறது. பணம் அனுப்பினால் ஒரு வட்டம் சுழன்று, பின்னர்ப் பச்சை நிறத்தில் சரி என்னும் குறி மலர்கிறது. பட்டியலின் முடிவுக்கு வந்துவிட்டால் அது சிறிது இழுபட்டுத் தன்னிடத்திற்குத் திரும்புகிறது. இவையெல்லாம் கண்ணுக்கு இட்ட மை போன்ற அலங்காரம் என்று எண்ணுவோர் பலர். அடியேன் அவ்வாறு எண்ணவில்லை. "நான் சொன்னது உனக்குக் கேட்டதா? கேட்டபடி செய்தாயா?" என்று மனிதன் கருவியைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கு அக்கருவி தரும் மறுமொழியே இவ்வசைவுகள்.

இருப்புப்பாதை ஊழியருக்கு இக்கேள்வி புதிதன்று. பழைய முறையில் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்திற்கு வண்டியை விடுதற்கு முன் இரு நிலைய அதிகாரிகளும் பிளாக் கருவியின் மணி வாயிலாகப் பேசிக்கொள்வர். ஓர் அடி அடித்தால் 'கவனிக்க' என்று பொருள். இரண்டு அடி, 'லைன் கிளியர் உண்டா' என்னும் வினா. மூன்று அடி, 'வண்டி பாதையில் நுழைந்துவிட்டது'. நான்கு அடி, 'வண்டி வந்து சேர்ந்தது, பாதை காலி'. ஆறு அடி கேட்டால் அபாயம். இதில் நாம் கருதத்தக்கது அடிகளின் எண்ணிக்கையன்று. மறுமுனையில் இருப்பவர் தாம் கேட்ட அடிகளைத் திருப்பி அடித்து ஏற்பைத் தெரிவித்தல் வேண்டும் என்னும் விதியே கருதத்தக்கது. அடித்தவர் தம் கையால் அடித்த மணியை நம்பி அடுத்த வேலைக்குச் செல்லுதல் ஆகாது. திரும்பி வந்த மணியையே நம்புதல் வேண்டும்.

கைகாட்டியின் விளக்கிலும் இத்தகைய நுட்பம் உண்டு. முன்புறத்துச் சிவப்பும் பச்சையும் ஓட்டுநர் காண்பதற்கு. பின்புறத்தில் சிறு துளை வழியே தெரியும் வெள்ளொளிப் பொட்டு, கேபினில் நிற்பவர் காண்பதற்கு. கை நீட்டி 'நில்' என்று நிற்கும்போது அப்பொட்டு தெரியும். கை நிலை மாறினால் மறையும். கும்மிருட்டில் விளக்கு எரிகின்றதா, லீவரை இழுத்ததற்குக் கை இணங்கிற்றா என்பதை அவர் நின்ற இடத்திலிருந்தே அறிந்துகொள்வார்.

லீவர் ஓரிடத்தில் இருக்கிறது. கை வேறோரிடத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது நீண்ட கம்பி. லீவர் சொல்வதையே கையும் செய்யும் என்று நம்பினால் என்ன நேரும் என்பதை, இங்கிலாந்தில் ஆபட்ஸ் ரிப்டன் என்னும் சிற்றூரில் 1876 ஜனவரி 21 அன்று நிகழ்ந்த விபத்து காட்டிற்று. அக்காலத்தில் அப்பாதையில் கைகாட்டிகள் வழக்கமாகச் 'செல்க' என்னும் நிலையிலேயே இருக்கும். வண்டியை நிறுத்த வேண்டியபொழுது மட்டும் 'நில்' என்று மாற்றுவர். அன்று கடும் பனி பொழிந்தது. தாழ்ந்திருந்த கைகள் கம்பத்துப் பிளவுக்குள்ளேயே பனியால் உறைந்து ஒட்டிக்கொண்டன. நிலக்கரி வண்டியொன்றை ஒதுக்குவதற்காகக் கேபினில் இருந்தவர் லீவரை 'நில்' நிலைக்கு வைத்தார். லீவர் வந்துவிட்டது, கை வரவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த விரைவு வண்டி, வழி உண்டு என்னும் விளக்கைக் கண்டு முழு வேகத்தில் வந்து நிலக்கரி வண்டியின்மேல் மோதிற்று. சிறிது நேரத்தில் எதிர்த்திசையில் வந்த லீட்ஸ் விரைவு வண்டி அவ்விடிபாடுகளில் பாய்ந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கேபினில் இருந்தவரைப் பொறுத்தவரை, தம் கடமையைச் செய்துவிட்டார். அவர் கண்முன் இருந்த லீவர் 'நில்' என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது.

அவ்விபத்திற்குப் பின் கைகாட்டி வழக்கமாக 'நில்' நிலையிலேயே இருத்தல் வேண்டும் என்னும் முறை வேரூன்றியது. பனி அடைத்துக்கொள்ளாதவாறு கம்பத்திற்கு அப்பால் அச்சு வைத்துச் சுழலும் கைகளையும் அந்த இருப்புப்பாதையினர் அமைத்தனர். கேபினிலிருந்து காணவியலாத கைகாட்டிகளுக்கு 'ரிப்பீட்டர்' என்னும் கருவி வைக்கும் வழக்கமும் உண்டு. சுவர்க்கடிகாரம் போன்ற சிறு பெட்டி. அதனுள் ஒரு குட்டிக் கை. தொலைவில் உள்ள பெரிய கையின் அசைவை மின்சாரத்தால் வாங்கி, இக்குட்டிக் கை அவ்வாறே அசையும். அது காட்டும் நிலைகள் மூன்று: ஆன், ஆஃப், தவறு. கை பாதி வழியில் நின்றுவிட்டால், ஆனென்றோ ஆஃபென்றோ கூசாமல் பொய் சொல்லாது, 'தவறு' என்று காட்டும். கைபேசித் திரையில் அசையும் சிறு படங்களுக்கெல்லாம் பாட்டனார் இந்தக் குட்டிக் கையே என்பது அடியேன் துணிபு.

நிற்க. தொலைபேசியைப் பற்றியும் ஒரு சொல். நாம் எண்ணைச் சுழற்றியபின் காதில் விழும் மணியோசை, மறுவீட்டில் அடிக்கும் மணியின் ஓசையன்று. நம்மை அமைதிப்படுத்தும் பொருட்டுத் தொலைபேசி நிலையம் தனியே எழுப்பி அனுப்பும் ஓசை அது. ஆக, ஆறுதல் தரும் மறுமொழி வேறு, உண்மை தரும் மறுமொழி வேறு என்னும் பிரிவு அன்றே தோன்றிவிட்டது. இப்பிரிவை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

கணிப்பொறி வந்தபொழுது இவ்வினா மேலும் கூர்மையாயிற்று. லீவரை இழுத்தால் கைக்குக் கனம் தெரியும். தட்டச்சுப்பொறியில் வரி முடியும் தறுவாயில் மணி அடிக்கும். பயணச்சீட்டில் தேதி குத்தும் பொறி 'டக்' என்று ஒலிக்க, கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருங்கே கேட்பர். கணிப்பொறிக்கோ கனமும் இல்லை, ஓசையும் இல்லை. அது உழைக்கிறதா உறங்குகிறதா என்பதை முகத்தைப் பார்த்து அறிய இயலாது. ஐ.பி.எம். நிறுவனத்து ராபர்ட் மில்லர் என்பார் 1968ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து எழுதினார். விசையை அழுத்தியதற்கு மறுமொழி விநாடியில் பத்தில் ஒரு பங்கிற்குள் வந்தாலன்றி, தன் செயலின் விளைவே அது என்று மனிதன் உணரான் என்பது அவ்வாராய்ச்சியின் சாரங்களுள் ஒன்று. பின்னர் 1993இல் ஜேக்கப் நீல்சன் என்பார் மூன்று எல்லைகளைப் பலரறியச் செய்தார்: பத்தில் ஒரு பங்கு விநாடி வரை உடனடி என்று தோன்றும், ஒரு விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது, 10 விநாடி கடந்தால் மனம் வேறிடம் போய்விடும். கண்ணிமையையும் கைந்நொடியையும் கொண்டு எழுத்தின் மாத்திரையை அளந்த நம் இலக்கண ஆசிரியர்கள் இதனைக் கேட்டிருப்பின் வியந்திருக்க மாட்டார்கள்.

காக்க வைக்கும்பொழுது கருவி யாது சொல்லலாம்? 1981இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் என்னும் கணிப்பொறி, அம்புக்குறியை மணற்கடிகாரமாக மாற்றிக் காட்டியது. 1984இல் வந்த மெக்கின்டாஷில் சூசன் கேர் என்னும் பெண்மணி வரைந்த கைக்கடிகாரம் தோன்றிற்று. அழகிய படங்களே, ஆயினும் ஒரு குறை. கணிப்பொறி வேலை செய்தாலும் அதே மணற்கடிகாரம், அடியோடு செயலற்றுப் போனாலும் அதே மணற்கடிகாரம். அவுட்டர் சிக்னலில் நின்றுவிட்ட வண்டியில் அமர்ந்திருப்போர் நிலைதான் பயன்படுத்துவோருக்கும். இன்னும் 10 நிமிடம் என்று யாரேனும் சொன்னால் குழந்தைக்குப் பால் கரைக்கலாம், படுக்கையைச் சுருட்டலாம். ஒன்றும் தெரியாதபோதுதான் சன்னல்தோறும் தலைகள் நீளுகின்றன.

இக்குறையை நீக்க முயன்றவருள் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பிராட் மையர்ஸ் குறிப்பிடத்தக்கவர். வேலையில் நூற்றுக்கு எத்தனை பங்கு முடிந்தது என்பதைக் காட்டும் பட்டையைப் பற்றி அவர் 1985இல் கட்டுரை வெளியிட்டார். பட்டையுடனும் பட்டையின்றியும் ஒரே வேலையைப் பலரைச் செய்யச் சொல்லிப் பார்த்ததில், பெரும்பாலோர் பட்டை இருப்பதையே விரும்பினர். வேலை விரைவாக முடியவில்லை. முடிவு எங்கே என்பது மட்டும் தெரிந்தது. அதுவே போதுமாயிற்று.

அசைவுக்கு உயிர் கொடுக்கும் வித்தை வேறொரு திசையிலிருந்து வந்தது. வால்ட் டிஸ்னியின் கூடத்தில் கேலிச்சித்திரப் படங்கள் வரைந்த பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் என்னும் இருவர், தம் தொழில் நுணுக்கங்களைப் பன்னிரண்டு விதிகளாகத் தொகுத்து 1981இல் நூலாக வெளியிட்டனர். அவற்றுள் ஒன்று, எப்பொருளும் மெல்லத் தொடங்கி, விரைந்து, மெல்ல நிற்க வேண்டும் என்பது. நல்ல ஓட்டுநர் வண்டியை எடுப்பதும் நிறுத்துவதும் அப்படித்தான். குடத்து நீர் தளும்பாது. வெடுக்கென்று கிளம்பி வெடுக்கென்று நிற்கும் உருவம் திரையில் உயிரற்றதாகத் தோன்றும். ஜான் லாசிட்டர் 1987இல் இவ்விதிகளைக் கணிப்பொறிச் சித்திரத்திற்குப் பொருத்திக் காட்டினார். பே-வே சாங், டேவிட் அங்கர் என்னும் இருவர் 1993இல், கணிப்பொறித் திரையில் நாம் திறந்து மூடும் சட்டங்களுக்கும் அவை பொருந்தும் என்று எழுதினர். ஒரு பொருள் திடீரென்று மறைந்து வேறிடத்தில் தோன்றினால் பார்ப்பவர் திகைப்பார். சென்ற வழி தெரிந்தால் திகையார் என்பதே அவர்கள் கருத்து.

இவையனைத்தும் ஒருங்கே கூடிப் பொதுமக்கள் கைக்கு வந்தது 2007 ஜூனில் ஐபோன் விற்பனைக்கு வந்த பின்னரே. கண்ணாடித் தகட்டின்மேல் விரல் வைத்தால் கண்ணாடி அமுங்காது. ஆகவே அமுங்குவதுபோல் படம் அமுங்க வேண்டியதாயிற்று. பட்டியலின் முடிவில் அது இழுபட்டுத் திரும்பும் அசைவை அமைத்தவர் பாஸ் ஓர்டிங் என்பார். இவ்வசைவு இல்லையேல், முடிவுக்கு வந்துவிட்டோமா, கருவி நின்றுவிட்டதா என்று நமக்குத் தெரியாது. ஒரு சிறு இழுப்பில் அவ்வையம் தீர்ந்தது. இதற்குக் காப்புரிமையும் பெற்றனர். ஆப்பிளுக்கும் சாம்சங்கிற்கும் 2012இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த பெருவழக்கில் இவ்விழுப்பும் வழக்குப் பொருள்களுள் ஒன்று. விரலகல அசைவுக்காக வல்லுநரும் வழக்கறிஞரும் நாள்கணக்கில் வாதிட்டனர் என்றால் அதன் மதிப்பை நாம் உணரலாம்.

ஆனால் எல்லா அசைவும் எல்லார்க்கும் நன்மையன்று. 2013இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைபேசித் திரைகளைப் பாய்ந்து விரியுமாறு மாற்றியபோது சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாயின. விரைவிலேயே, பாயும் அசைவுகளுக்கு ஈடாகத் திரைகள் மெல்லக் கலந்து மாறும் வண்ணம் செய்துகொள்ள இடமளித்தனர். நம் வீட்டு முதியோர் கைபேசியைப் பார்த்தால் தலை கிறுகிறுக்கிறது என்று சொன்னால், அதனைக் கண்ணாடியின் குற்றம் என்று தள்ளிவிடாமல், அமைப்புகளுள் 'அசைவைக் குறைத்தல்' என்னும் வாய்ப்பு இருக்கிறதா என்று பிள்ளைகள் பார்த்துத் தருதல் நலம்.

இனி, ஆறுதலும் உண்மையும் வேறு என்று முன்னர்க் குறித்ததற்கு வருவோம். 2010இல் கிறிஸ் ஹாரிசனும் உடனுழைத்தோரும் ஓர் ஆராய்ச்சி செய்தனர். முன்னேற்றப் பட்டையின்மேல் வரிவரியான அலைகளைப் பின்னோக்கி ஓடவிட்டால், அதே நேரம் நூற்றுக்கு 11 பங்கு குறைவாகத் தோன்றுகிறது என்று கண்டனர். நேரம் குறையவில்லை, கண் ஏமாந்தது. இதில் பெருங்கேடு ஒன்றுமில்லை என்று விட்டுவிடலாம். திரையைக் கீழே இழுத்தால் புதுச் செய்தி வரும் என்னும் உத்தியைக் கண்ட லோரன் பிரிக்டர், அது மக்களை அடிமைப்படுத்தும் தன்மையுடையதாகிவிட்டது என்று 2017இல் தாமே கூறினார். கேள்விக்கு விடை தரப் பிறந்த அசைவு, மீண்டும் மீண்டும் கேட்கத் தூண்டும் அசைவாயிற்று. இதுவும் ஒருபுறம் இருக்கட்டும்.

பெருங்கேடு எங்கே என்றால், மறுமொழி லீவரிலிருந்து வந்து, கையிலிருந்து வந்ததாகப் பாவனை செய்யும் இடத்தில். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துத் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அன்று ஒரு வால்வு மூடிக்கொள்ளாமல் திறந்தே நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்குரிய விளக்கோ அணைந்துவிட்டது. விளக்கு அணைந்தால் வால்வு மூடியது என்று பணியாளர் கொண்டனர். உண்மையில் அவ்விளக்கு, மூடுமாறு கட்டளை சென்றதைத்தான் காட்டியதேயன்றி, வால்வு மூடியதைக் காட்டவில்லை. இரண்டு மணி நேரத்திற்கு மேல் உலையைக் குளிர்விக்கும் நீர் அவ்வழியே வெளியேற, உலையின் உட்கருவில் ஏறக்குறைய பாதி உருகிற்று. ஆபட்ஸ் ரிப்டன் நிகழ்ந்து 103 ஆண்டுகளுக்குப் பின் அதே கதை.

நம் நாட்டு நிலையங்களில் இன்று லீவர்களுக்கு ஈடாகப் பலகைகளும் திரைகளும் வந்துவிட்டன. பொத்தானை அழுத்தினால் பாயிண்ட் நகரும். நகர்ந்து, தண்டவாளத்தோடு சரியாகப் பொருந்திப் பூட்டிக்கொண்ட செய்தி அங்கிருந்து திரும்பி வரும் வரை, பலகையில் அதன் குறி மின்னி மின்னி எரியும். வந்த பின்னரே நிலையாக எரியும். இதைக் காட்டிலும் நேர்மையான அசைவு உண்டோ? ஆயினும் அச்செய்தி வரும் கம்பியே தவறான இடத்தில் இணைக்கப்பட்டால் என் செய்வது! 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவில் பாலசோர் மாவட்டத்துப் பஹானகா பஜார் நிலையத்தில் நிகழ்ந்ததை இக்காலனியில் மறந்தவர் யார்? ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டிக்கு நேர்ப்பாதைக்குரிய பச்சை விளக்கு எரிந்தது; பாயிண்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு வண்டி நின்றது. சிக்னல் இணைப்புகளை மாற்றியமைத்த பணிகளில் நேர்ந்த தவறுகளே காரணம் என்று ஆய்வில் தெரிந்ததாக அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மவர் எத்தனையோ முறை ஏறிய வண்டி அது.

இவ்வளவு பெரிய நிகழ்ச்சிகளைச் சொல்லிவிட்டுக் கைபேசிச் செயலிக்குத் திரும்புதல் சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் கணக்கு ஒன்றே. வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் செய்திக்கு முதலில் ஒரு குறி விழுகிறது: நம் கையைவிட்டுச் சென்றது. இரண்டாம் குறி: மறுமுனைக் கைபேசியைச் சேர்ந்தது. 2014 நவம்பர் முதல் அக்குறிகள் நீலமாதலும் உண்டு: படிக்கப்பட்டது. திருப்பி அடிக்கும் பிளாக் மணியேதான் இது! நீலக்குறி விழுந்தும் விடை வரவில்லையே என்று உறவினருக்குள் மனத்தாங்கல் உண்டாவது தனிக்கதை. தேர்தல் இயந்திரத்திலும் அவ்வாறே. பொத்தானை அழுத்தியவுடன் விளக்கு எரிவது முதல் மறுமொழி. எதற்கு வாக்கு விழுந்தது என்பதைக் காகிதச் சீட்டில் அச்சிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி காட்டுவது அடுத்த மறுமொழி. 2019 பொதுத் தேர்தலில் இச்சீட்டு எல்லாத் தொகுதிகளிலும் வந்துவிட்டது.

பணத்திற்கு வருவோம். யூ.பி.ஐ. முறை 2016இல் தொடங்கிற்று. இன்று காய்கறிக்காரர் முதல் கோயில் உண்டியல் வரை அதுவே. இதில் விளைவுகள் மூன்று: சென்றது, செல்லவில்லை, நிலுவையில் உள்ளது. ரிப்பீட்டரின் ஆன், ஆஃப், தவறு என்பவற்றை நினைவுகூர்க. நிலுவையை நிலுவை என்று மஞ்சள் நிறத்தில் காட்டி நிற்கும் செயலி சிலருக்கு எரிச்சல் ஊட்டும். பச்சைக் குறியை அவசரமாக மலரச் செய்து, பின்னர் இல்லை என்று கைவிரிக்கும் செயலியைக் காட்டிலும் அதுவே நற்செயலி. பயணச்சீட்டு முன்பதிவில் பணம் கணக்கைவிட்டுப் போய்ச் சீட்டு வராமல் தவிப்போரை நாள்தோறும் காண்பவர்க்கு இதன் அருமை தெரியும்.

கடைத்தெருவில் வேறொரு தொல்லை முளைத்தது. பணம் அனுப்பாமலே, அனுப்பியதுபோல் சுழலும் வட்டமும் பச்சைக் குறியும் ஓசையும் காட்டும் போலிச் செயலிகளைக் கொண்டு வணிகரை ஏய்ப்போர் கிளம்பினர். உண்மைக்கென வரைந்த அசைவைக் கள்வன் அப்படியே படியெடுத்துக்கொண்டான். இதற்கு மருந்தாக 2019 வாக்கில் பரவத் தொடங்கியதே பேசும் சிறு பெட்டி. அது வாடிக்கையாளரின் கைபேசியைக் கேட்பதில்லை. வணிகரின் கணக்கில் பணம் சேர்ந்த செய்தி வந்தால்தான் வாய் திறக்கிறது. நம் காலனி வாயிலில் தள்ளுவண்டி நிறுத்தியிருப்பவர், நீட்டிய திரையை நிமிர்ந்தும் பாரார். இத்தனை ரூபாய் வந்தது என்று பெட்டி இந்தியில் உரக்கச் சொன்ன பிறகே வெண்டைக்காய்ப் பையைக் கையில் கொடுப்பார்.

நம் வீடுகளிலும் மாதத்தின் முதல் வாரத்தில் இவ்வழக்கத்தைக் காணலாம். ஊரில் இருக்கும் தாய்க்குப் பணம் அனுப்பிப் பச்சைக் குறியும் கண்டபின், மகன் உடனே தொலைபேசியில் அழைக்கிறார். "வந்துடுச்சாம்மா?" என்று கேட்கிறார். அம்மாவுக்குச் செய்தியைப் படிக்கத் தெரியாதாயின், எதிர்வீட்டுப் பெண் பள்ளியிலிருந்து திரும்பி வந்து, பார்த்துச் சொல்லும் வரை இங்கே காத்திருக்கின்றார்கள்.